போஸ்ட் மெட்ரிக்கா, சாக்‌ஷமா, மாநில உதவித்தொகையா? கல்லூரி சேரும் மாற்றுத்திறனாளி மாணவருக்கு ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து பெற்றோரும் மாணவரும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "எந்த ஸ்காலர்ஷிப்புக்குப் போடுறது? எல்லாத்துக்கும் போட்டு வச்சா எது வந்தாலும் லாபம்தானே?" எல்லாவற்றுக்கும் போட்டுவைப்பதில்தான் பலருக்குச் சறுக்குகிறது. மத்திய அரசின் உதவித்தொகை ஒன்றை வாங்குபவர் அதே படிப்புக்கு இன்னொன்றை வாங்க விதி இடம் தராது. தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டல் ஆதாரை வைத்து இரட்டை விண்ணப்பத்தைக் கண்டுபிடித்துவிடும். முதலாண்டில் எதைப் பிடிக்கிறீர்களோ அதுதான் வழக்கமாகப் படிப்பு முடியும்வரை ரெனியூவல் ஆகிக்கொண்டு போகும். அதனால் முதல் விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே ஒரு தாளில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிடுவது நல்லது.

தமிழ்நாட்டில் இளநிலைப் படிப்பில் சேரும் மாணவரை மனத்தில் வைத்து, போஸ்ட் மெட்ரிக், டாப் கிளாஸ், சாக்‌ஷம், மாநில உதவித்தொகை என்ற நான்கையும் பற்றிய ஒப்பீடு இது. தொகைகள் அந்தந்தத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைப்படி உள்ளவை. ஆண்டுக்காண்டு திருத்தம் வரக்கூடும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் போர்ட்டலில் உள்ள நெறிமுறையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

தொகையைக் கடைசியில் பாருங்கள். அதற்கு முன்னால் ஐந்து கேள்விகள் இருக்கின்றன.

1. கையில் 40 சதவீதமோ அதற்கு மேலோ போட்ட ஊனச் சான்றும் யூடிஐடி அட்டையும் (மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டை) இருக்கிறதா?
2. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள்ளா, 8 லட்சத்துக்குள்ளா, அதற்கும் மேலா?
3. சேரும் படிப்பும் கல்லூரியும் எந்த வகை? ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சில்) அங்கீகாரம் உள்ளதா, கலை அறிவியல் கல்லூரியா, ஐஐடி, என்ஐடி போன்றதா?
4. கல்விக் கட்டணத்தை நீங்கள் உண்மையிலேயே கட்டுகிறீர்களா, அல்லது ஏற்கெனவே ஏதோ ஒரு சலுகையில் கழிந்துவிட்டதா?
5. பணம் வர ஓராண்டு ஆனாலும் அதுவரை சமாளிக்க வழி இருக்கிறதா?

நான்காவது கேள்வியைத்தான் அநேகமாக யாரும் கேட்டுக்கொள்வதில்லை. லாபமும் நட்டமும் அங்கேதான் இருக்கின்றன. கீழே கணக்கோடு வருகிறது.

| | போஸ்ட் மெட்ரிக் | டாப் கிளாஸ் | சாக்‌ஷம் | மாநில உதவித்தொகை |
|---|---|---|---|---|
| தருவது | மத்திய மாற்றுத்திறனாளிகள் துறை | மத்திய மாற்றுத்திறனாளிகள் துறை | ஏஐசிடிஇ | தமிழக மாற்றுத்திறனாளிகள் நலத்துறை |
| வருமான வரம்பு | 2.5 லட்சம் | 8 லட்சம் | 8 லட்சம் | பார்ப்பதில்லை |
| படிப்பு | பிளஸ் ஒன் முதல் முதுநிலை வரை | பட்டியலில் உள்ள உயர்தர நிறுவனங்களில் மட்டும் | ஏஐசிடிஇ அங்கீகரித்த டிகிரி, டிப்ளமோ | பள்ளி முதல் முதுநிலை வரை |
| கட்டணம் | ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை திரும்பக் கிடைக்கும் | ஆண்டுக்கு 2 லட்சம் வரை | தனியாக இல்லை | தனியாக இல்லை |
| கைக்கு வருவது | மாதப் பராமரிப்பு, புத்தகம், ஊனப்படி | மாதப் பராமரிப்பு, சிறப்புப் படி, புத்தகம், கருவி | ஆண்டுக்கு 50,000 | டிகிரிக்கு 12,000. முதுநிலை, தொழிற்படிப்புக்கு 14,000 |
| இடங்கள் | நாடு முழுக்க 17,000 | நாடு முழுக்க 300 | தகுதியுள்ள எல்லோருக்கும் | தகுதியுள்ளோருக்கு |
| விண்ணப்பம் | தேசிய போர்ட்டல் | தேசிய போர்ட்டல் | தேசிய போர்ட்டல் | மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் |

## முதல் கதவு: சான்றிதழ்

மேலே உள்ள நான்கையும் திறக்கும் சாவி ஒன்றுதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. அவற்றில் ஏதேனும் ஒன்று, குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். யூடிஐடி அட்டையின் நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெள்ளைப் பட்டை என்றால் 40-க்குக் கீழே. மஞ்சள் என்றால் 40-லிருந்து 80-க்குள். நீலம் என்றால் 80-ம் அதற்கு மேலும். வெள்ளை அட்டை வைத்திருப்பவருக்கு இந்த உதவித்தொகைகள் எதுவும் கிடையாது.

இங்கே மூன்று பேர் ஏமாந்துபோகிறார்கள். ஒரு கண்ணில் பார்வை முழுக்கப் போய் மறு கண் நன்றாக உள்ளவர்: மருத்துவ மதிப்பீட்டு நெறிமுறைப்படி இவருக்கு 30 சதவீதம்தான் போடுவார்கள். ஒரு காது மட்டும் கேளாதவர்: சட்டத்தின் வரையறை இரண்டு காதுகளையும் சேர்த்தே பார்க்கிறது. மூன்றாமவர் டிஸ்லெக்சியா உள்ள மாணவர். பத்தாம் வகுப்பில் சொல்வதை எழுதுபவர் வைத்துக்கொள்ள அனுமதித்த கடிதத்தைக் காட்டி ஸ்காலர்ஷிப் கேட்பார். அது தேர்வுச் சலுகைக் கடிதம் மட்டுமே. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு சட்டப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் அதற்கும் அரசு மருத்துவ வாரியத்தின் சான்று தனியாக வேண்டும்.

சான்று கையில் இருப்பவர்களும் இன்றே எடுத்துப் பார்க்க வேண்டியது அதன் செல்லுபடி நாள். சிறுவயதில் எடுத்த சான்றுகள் பல தற்காலிகமானவை. கீழே ஒரு தேதி போட்டிருக்கும். கல்லூரி இரண்டாம் ஆண்டு நடுவில் அது காலாவதியானால் அந்த ஆண்டு ரெனியூவல் நின்றுவிடும். பழைய அடையாள அட்டைப் புத்தகம் மட்டும் உள்ளவர்கள் அதை யூடிஐடிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பிளஸ் டூ படிக்கும்போதே, அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் இதை முடித்துவிட்டால் ஜூன் மாத ஓட்டம் பாதியாகக் குறையும்.

## போஸ்ட் மெட்ரிக்: கட்டணம் அதிகம், வருமானம் குறைவு என்றால்

இதன் பலம் கட்டணத்தைத் திருப்பித் தருவதில் இருக்கிறது. ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை, திரும்பப் பெற முடியாத கட்டாயக் கட்டணம் கிடைக்கும். அதற்கு மேல் மாதப் பராமரிப்பு: பொறியியல், மருத்துவம் போன்ற முதல் பிரிவுப் படிப்புகளுக்கு விடுதியில் தங்குவோருக்கு 1,600 ரூபாய், வீட்டிலிருந்து வருவோருக்கு 750. பி.ஏ., பி.எஸ்சி. போன்ற சாதாரணப் பட்டப்படிப்புகளுக்கு 950-ம் 650-ம். புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,500. ஊனப்படி ஆண்டுக்கு 2,000. பார்வைக் குறைபாடும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களுக்கு 4,000.

பலவீனம் மூன்று இடத்தில். முதலாவது, 2.5 லட்சம் வருமான வரம்பு. தந்தையும் தாயும் சேர்ந்து மாதம் 21,000 சம்பாதித்தாலே வரம்பைத் தாண்டிவிடும். இரண்டாவது, இடங்கள் குறைவு. விண்ணப்பம் அதிகமானால் மதிப்பெண் வரிசையில் எடுப்பார்கள். பாதி இடங்கள் மாணவிகளுக்கு. மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாமல் போவது: 'கட்டாயக் கட்டணம்' என்பதற்குள் கல்லூரிப் பேருந்துக் கட்டணம், மெஸ் பில், காஷன் டெபாசிட் எதுவும் வராது. தனியார் பொறியியல் கல்லூரிகளில் பேருந்துக்குக் கட்டுவதே ஒரு பெரிய தொகை. சக்கர நாற்காலியிலோ காலிப்பரோடோ போகிற மாணவர் நகரப் பேருந்தில் தொங்கிக்கொண்டு போக முடியாது, கல்லூரிப் பேருந்தை விட்டால் ஆட்டோதான். அந்தச் செலவு முழுக்க வீட்டுத் தலையில்.

கட்டண ரசீது வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில கல்லூரிகள் 'ஆண்டுக் கட்டணம்' என்று ஒரே வரியில் மொத்தத் தொகையைப் போட்டு ரசீது தரும். சரிபார்க்கிறவருக்கு அதில் டியூஷன் எது, பேருந்து எது என்று தெரியாது. தலைப்புவாரியாகப் பிரித்த ரசீதை முதல்வர் கையெழுத்தோடு கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஒரே பெற்றோரின் இரண்டு பிள்ளைகள் வரைதான் இந்தத் திட்டத்தில் பயன்பெறலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

## சாக்‌ஷம்: கட்டணம் ஏற்கெனவே கழிந்திருந்தால்

ஆண்டுக்கு 50,000 ரூபாய், ஒரே தொகையாக. எதற்குச் செலவழித்தோம் என்று ரசீது வைத்துத் தலைப்புவாரியாக நிரூபிக்க வேண்டியதில்லை. கட்டணம் கட்டலாம், லேப்டாப் வாங்கலாம், காது கேட்கும் கருவிக்கு பேட்டரி வாங்கலாம், கல்லூரிப் பேருந்துக்கே கட்டலாம். வருமான வரம்பு 8 லட்சம் என்பதால் ஆசிரியர், காவலர், வங்கி ஊழியர் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கும் கிடைக்கும். இட வரம்பு இல்லை, தகுதி இருந்தால் கிடைக்கும்.

ஆனால் இது தொழில்நுட்பப் படிப்புக்கான திட்டம். கல்லூரிக்கு மட்டுமல்லாமல் நீங்கள் சேரும் படிப்புக்கும் ஏஐசிடிஇ அங்கீகாரம் இருக்க வேண்டும். பி.ஏ. தமிழோ பி.எஸ்சி. கணிதமோ சேர்ந்தவருக்கு இது இல்லை. இன்னொரு கண்டிப்பு: முதலாண்டில் (டிப்ளமோ முடித்து லேட்டரலில் வந்தால் இரண்டாமாண்டில்) விண்ணப்பித்தவர்களுக்குத்தான் கதவு திறந்திருக்கும். "முதல் வருஷம் செட்டில் ஆகட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று விட்டவர்கள் பிறகு உள்ளே வர முடியாது. டிகிரிக்கு அதிகபட்சம் நான்கு ஆண்டு, டிப்ளமோவுக்கு மூன்று. அடுத்த ஆண்டுக்கு புரமோட் ஆகாவிட்டால் அத்தோடு நின்றுவிடும். அரியர் வைத்திருந்தாலும் அடுத்த ஆண்டுக்கு அனுப்பப்பட்டதாகக் கல்லூரி சான்று தந்தால் பிழைத்தீர்கள்.

## இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு: 30,500

வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள பி.இ. மாணவருக்கு இரண்டும் கிடைக்கும். எது நல்லது? பராமரிப்பைப் பத்து மாதக் கணக்கில் வைத்துப் பார்ப்போம்.

விடுதியில் தங்குபவர், போஸ்ட் மெட்ரிக்கில்: 1,600 × 10 = 16,000. புத்தகம் 1,500, ஊனப்படி 2,000. ஆக 19,500. இதோடு கட்டிய கட்டணம். சாக்‌ஷமில் மொத்தமே 50,000. வித்தியாசம் 30,500. உங்கள் கையிலிருந்து உண்மையில் போகிற கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 30,500-ஐத் தாண்டினால் போஸ்ட் மெட்ரிக் லாபம். அதற்குக் கீழே என்றால் சாக்‌ஷம் லாபம். வீட்டிலிருந்து போய் வருகிறவருக்கு 7,500 + 1,500 + 2,000 = 11,000 என்பதால் கோடு 39,000-க்கு ஏறும்.

கட்டணம் 80,000 உள்ள சுயநிதிக் கல்லூரியில் விடுதியில் இருப்பவருக்குப் போஸ்ட் மெட்ரிக்கில் 99,500 வரை வரும். அதே மாணவர் அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்திருந்தால் கட்டணத்தை அரசே கட்டிவிடும். கட்டாத கட்டணத்தைப் போஸ்ட் மெட்ரிக் திருப்பித் தராது. அவர் கைக்கு 19,500 மட்டும். சாக்‌ஷம் எடுத்திருந்தால் 50,000. முதல் பட்டதாரிச் சலுகையில் பாதி கழிந்தவரும் கழிந்தது போக மீதியை வைத்துத்தான் கோட்டோடு ஒப்பிட வேண்டும். சலுகையையும் உதவித்தொகையையும் சேர்த்து வாங்க அனுமதி உண்டா என்பதைக் கல்லூரி ஸ்காலர்ஷிப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு எடையும் இருக்கிறது. போஸ்ட் மெட்ரிக்கில் இட வரம்பு உண்டு, சாக்‌ஷமில் இல்லை. பிளஸ் டூ மதிப்பெண் சுமாராக இருந்து, கட்டணம் கோட்டுக்கு அருகிலேயே ஊசலாடினால் சாக்‌ஷம் எடுப்பதே புத்திசாலித்தனம். வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பினால், அதற்குள் சாக்‌ஷமின் முதலாண்டுக் கதவும் மூடியிருக்கும்.

## கலை அறிவியல் கல்லூரி மாணவர்: மாநிலத் தொகையைக் குறைத்து எடை போடாதீர்கள்

அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்து வீட்டிலிருந்து போய் வருகிறவர் போஸ்ட் மெட்ரிக்கில் பெறுவது: 650 × 10 = 6,500, புத்தகம் 1,500, ஊனப்படி 2,000. மொத்தம் 10,000, கட்டிய சொற்பக் கட்டணம் தனி. மாநில நலத்துறை டிகிரி மாணவருக்குத் தருவது 12,000. தேசிய போர்ட்டல், முக அடையாளச் சரிபார்ப்பு, மதிப்பெண் வரிசை எல்லாவற்றையும் தாண்டிப் பெறுவது கிட்டத்தட்ட அதே தொகைதான்.

மாநிலத் தொகைக்கு வருமானச் சான்று தேவையில்லை. முந்தைய ஆண்டுத் தேர்வில் 40 சதவீத மதிப்பெண் வேண்டும். விண்ணப்பப் படிவம், அடையாள அட்டை நகல், மதிப்பெண் பட்டியல், போனஃபைட் (கல்லூரியில் படிப்பதற்கான சான்று), வங்கிப் புத்தக முதல் பக்கம் இவற்றோடு மாவட்ட அலுவலகம் போய்க் கேட்கலாம். ஆள் முகம் பார்த்துப் பேச முடிகிற ஒரே வழி இதுதான். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வாசிப்பாளர் உதவித்தொகை தனியாக உண்டு. அதையும் அதே மேசையில் கேளுங்கள், கேட்காமல் அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

மாநிலத் தொகை 12,000, மத்தியத் தொகை 10,000, ஆக 22,000 என்று கூட்டிக்கொள்ள வேண்டாம். மத்தியத் திட்டம் வேறு உதவித்தொகையை அனுமதிப்பதில்லை. பின்னால் தெரிந்தால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். மாறாக, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் மற்ற உதவித்தொகைகளுக்குக் குறுக்கே நிற்பதில்லை. அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால் அதைக் கல்லூரி மூலம் தனியாகப் பதிந்துவிடுங்கள். ஆண்டுக்கு 12,000 என்பது பி.ஏ. மாணவருக்கு மாநில உதவித்தொகைக்குச் சமம்.

## பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு வேறு வழி

மாற்றுத்திறனாளி என்பதாலேயே மாற்றுத்திறனாளி உதவித்தொகையைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. பட்டியல் சாதி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டத்திலும் வருமான வரம்பு 2.5 லட்சம்தான். ஆனால் அது 17,000 பேர் என்ற வரிசைக்குள் வராது. கட்டாயக் கட்டணம் முழுதும் கிடைக்கும். முதல் பிரிவுப் படிப்பில் விடுதி மாணவருக்கு ஆண்டுப் படி 13,500, வீட்டிலிருந்து வருவோருக்கு 7,000. மாற்றுத்திறனாளி என்றால் அதற்கு மேல் 10 சதவீதம் கூடுதல்: 14,850.

ஒப்பிட்டால் கையில் வரும் படி மாற்றுத்திறனாளி போஸ்ட் மெட்ரிக்கில் சற்று அதிகம் (19,500). கட்டணம் கிடைக்கும் நிச்சயம் சாதிவாரித் திட்டத்தில் அதிகம். கட்டணம் 1.5 லட்சத்தைத் தாண்டும் மருத்துவம், நர்சிங் போன்ற படிப்புகளில் சாதிவாரித் திட்டமே மேல். மத்தியப் பங்கு நேராக மாணவர் கணக்கில் விழும். அதை எடுத்துக் கல்லூரிக்குக் கட்ட வேண்டியது மாணவர் பொறுப்பு. கட்டணப் பணம் என்று தெரியாமல் வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டு ஹால் டிக்கெட் நேரத்தில் திண்டாடுகிறவர்கள் உண்டு.

## டாப் கிளாஸ்: ஐஐடி, என்ஐடி போனால்

இதை நீட்டி எழுத வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள நிறுவனத்தில் இடம் கிடைத்துவிட்டால் இதற்கு இணை வேறு இல்லை. ஐஐடி, என்ஐடி போன்றவை ஏஐசிடிஇ அங்கீகாரத்துக்குள் வராதவை என்பதால் சாக்‌ஷம் கேள்வியே எழாது. மாதம் விடுதி மாணவருக்கு 3,000, மற்றவருக்கு 1,500. வாசிப்பாளர், உதவியாளர் செலவுக்கு மாதம் 2,000. புத்தகத்துக்கு ஆண்டுக்கு 5,000. கணினிக்கும் உதவிக் கருவிக்கும் ரசீது காட்டிப் பெறும் ஒருமுறைத் தொகை. சென்னை ஐஐடியில் பி.டெக். சேரும் மாற்றுத்திறனாளிக்கு 2016 முதல் டியூஷன் கட்டணமே இல்லை. ஆகவே அங்கே 2 லட்சம் என்ற கட்டண வரம்பைப் பார்த்து மயங்க வேண்டாம். கைக்கு வருவது படிகளும் கருவித் தொகையும்தான். ரசீது காட்டும் செலவுக்குக் கணினியை மாணவர் பெயரில், ஜிஎஸ்டி பில்லோடு வாங்கியிருக்க வேண்டும். அண்ணன் கார்டில் ஆன்லைனில் வாங்கி, பில் அண்ணன் பெயரில் வந்தால் அது செல்லாது.

## பட்டியலில் இல்லாத நோய் என்றால்

தலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாள் செல் நோய், தசைச்சிதைவு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மனநோய் இவையெல்லாம் 21-க்குள் இருக்கின்றன. இவற்றில் நோயின் பெயர் மட்டும் போதாது, மருத்துவ வாரியம் சதவீதம் போட வேண்டும். ரத்தம் ஏற்றிய பதிவேடு, ஃபேக்டர் அளவு ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் தேதி வரிசையில் கோத்துக் கொண்டுபோங்கள். வாரியத்தின் முன் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான்.

டைப் ஒன் சர்க்கரை, சிறுநீரகச் செயலிழப்பு, இதயநோய், புற்றுநோய், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்), கடுமையான ஆஸ்துமா: இவை பட்டியலில் இல்லை. வாரம் மூன்று டயாலிசிஸ் செய்துகொண்டு படிப்பவருக்கும் அந்த ஒரு காரணத்துக்காக யூடிஐடி கிடையாது. இது நியாயமா என்றால் இல்லை. சட்டம் எழுதியவர்கள் நோயைப் பார்த்த இடமும் மாணவர் வாழ்க்கை நடக்கும் இடமும் வேறு வேறு. ஆனாலும் வழி முழுக்க அடைபடவில்லை.

முதலில், நோய் உடலில் விட்டுச்சென்ற பாதிப்பைத் தேடுங்கள். சட்டம் பார்ப்பது நிலைத்த குறைபாட்டை. நீண்டநாள் ஸ்டீராய்டு எடுத்த லூபஸ் நோயாளிக்கோ சிறுநீரக மாற்று செய்தவருக்கோ இடுப்பு எலும்பின் தலைப்பகுதி ரத்தமின்றிச் சிதைந்திருந்தால் அது இயக்கக் குறைபாடாக மதிப்பிடப்படும். சிஸ்பிளாட்டின் கொடுத்துப் புற்றுநோய் குணமானவருக்கு இரு காதிலும் கேள்திறன் குறைந்திருக்கலாம். ஆடியோகிராம் எடுத்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டிருந்தால் பார்வைக் குறைபாடு. சிகிச்சை பார்க்கும் டாக்டர் நோயைத்தான் பார்ப்பார்; அவரிடம் "இதனால் நிலையான குறைபாடு ஏதாவது இருக்கிறதா, எலும்பு டாக்டரிடமோ ஈ.என்.டி.யிலோ காட்டலாமா?" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அப்படி எதுவும் இல்லையென்றால் ஊனச் சான்று கேட்காத உதவித்தொகைகளுக்குப் போங்கள். ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் இளநிலை உதவித்தொகை 5,000 மாணவருக்குப் படிப்புக்காலம் முழுமைக்கும் 2 லட்சம் வரை தருகிறது. முதலாண்டு மாணவராக இருக்க வேண்டும். பிளஸ் டூவில் 60 சதவீதம். குடும்ப வருமானம் 15 லட்சத்துக்குள், அதிலும் 2.5 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. ஆன்லைன் திறனறித் தேர்வு உண்டு. பார்வைக் குறைபாடோ கை நடுக்கமோ உள்ளவர் தேர்வுக்கு முன்பே கூடுதல் நேரம், ஸ்க்ரீன் ரீடர் பற்றி மெயில் போட்டுப் பதில் வாங்கிவிட வேண்டும், தேர்வு நாளில் கேட்டால் ஒன்றும் நடக்காது. ஹெச்டிஎஃப்சி வங்கியின் பரிவர்த்தன் உதவித்தொகையில் குடும்பத்தில் கடந்த மூன்று ஆண்டுக்குள் நேர்ந்த நெருக்கடி ஒரு முக்கியக் காரணமாகப் பார்க்கப்படுகிறது; பெரிய நோயும் அதில் அடங்கும். அண்மை ஆண்டுகளில் சாதாரணப் பட்டப்படிப்புக்கு 30,000, தொழிற்படிப்புக்கு 50,000 தந்திருக்கிறார்கள். வருமானம் 2.5 லட்சத்துக்குள், மதிப்பெண் 55 சதவீதம் வேண்டும். அடுத்த ஆண்டுக்கும் நிச்சயம் வரும் என்று கணக்குப் போட முடியாது என்பதுதான் தனியார் உதவித்தொகைகளின் மறைமுகச் செலவு. பதிவுக் கட்டணம் என்று 500 ரூபாய் கேட்கும் எதையும் அந்த நொடியே மூடிவிடுங்கள்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் பாருங்கள். நீண்டநாள் நோய் உள்ள மாணவர் வீட்டில் கல்விக் கட்டணத்தைவிட மருந்துச் செலவு பெரிது. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு, டயாலிசிஸ் உள்பட. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நேஷனல் டிரஸ்டின் நிரமயா காப்பீடு 1 லட்சம் வரை, வெளிநோயாளிச் செலவையும் சேர்த்து. இவற்றில் மிச்சமாவது பல நேரம் ஒரு ஸ்காலர்ஷிப்பைவிட அதிகம்.

அட்டெண்டன்ஸையும் மறக்காதீர்கள். ரெனியூவலுக்கு அடுத்த ஆண்டுக்குப் புரமோட் ஆக வேண்டும், அதற்குத் தேர்வு எழுத வேண்டும், அதற்கு 75 சதவீத வருகை வேண்டும். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி மருத்துவக் காரணம் காட்டினால் 65 சதவீதம் வரை தளர்வு உண்டு. மாதாமாதம் மருத்துவமனைக்குப் போகிறவர் செமஸ்டர் தொடக்கத்திலேயே துறைத் தலைவரிடம் சிகிச்சை அட்டவணையைக் கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்கி வைக்க வேண்டும். கடைசி வாரம் மெடிக்கல் சர்டிஃபிகேட்டோடு போனால் நம்ப ஆளிருக்காது.

## எங்கே மாட்டிக்கொள்கிறது

தகுதி இருந்தும் பணம் வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் காகிதம்தான்.

இனிஷியல். ஆதாரில் 'முருகன் க', பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'க முருகன்', யூடிஐடியில் 'முருகன் கந்தசாமி'. நமக்கு மூன்றும் ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே ஆதாரையும் யூடிஐடியையும் திருத்துவது எளிது. மதிப்பெண் சான்றைத் திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும்.

வங்கிக் கணக்கு. நீங்கள் போர்ட்டலில் எந்தக் கணக்கு எண் கொடுத்தாலும் பணம் ஆதாரோடு கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்குத்தான் போகும். எப்போதோ முகாமில் திறந்த கணக்கில் விழுந்து கிடக்கும். வங்கியில் 'ஆதார் சீடிங்' எந்தக் கணக்கில் என்று கேட்டுப் பாருங்கள். அடையாள ஆவணம் முழுதாகக் கொடுக்காமல் திறந்த 'சிறு கணக்கு' என்றால் ஓராண்டில் மொத்தம் 1 லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது. கட்டணத்தோடு சேர்ந்து 99,500 வரும்போது மற்ற வரவுகளும் சேர்ந்தால் அந்த வரம்பைத் தாண்டிவிடலாம். முழு கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணங்கள்) கொடுத்துச் சாதாரணக் கணக்காக மாற்றிவிடுங்கள்.

வருமானச் சான்று. இ-சேவையில் 60 ரூபாய் கட்டி எடுக்கும் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். ஏப்ரலில் எடுத்ததை அடுத்த ஆண்டு ரெனியூவலுக்குக் கொடுக்க முடியாது. வி.ஏ.ஓ., ஆர்.ஐ. கடந்து வர இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள்.

கல்லூரி லாகின். விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு. கல்லூரியின் நோடல் அலுவலர் (உதவித்தொகைப் பொறுப்பாளர்) தன் லாகினில் சரிபார்த்து அனுப்பாவிட்டால் அது அங்கேயே கிடந்து கெடு முடிந்ததும் செத்துப்போகும். போர்ட்டல் வழக்கமாக ஆண்டின் நடுவில் திறந்து அக்டோபர், நவம்பர் வாக்கில் மூடும். கல்லூரிக்கான கெடு அதற்குச் சில நாள் பின்னால். விண்ணப்ப நகலை ஆவணங்களோடு கையில் கொடுத்து, வாரம் ஒருமுறை ஸ்டேட்டஸ் பாருங்கள். 'டிஃபெக்டிவ்' என்று வந்தால் பயப்படத் தேவையில்லை, திருத்தி மறுபடி அனுப்பச் சொல்கிறது என்று பொருள். 'ரிஜெக்டட்' என்று வந்துவிட்டால் அந்த ஆண்டு போனதுதான். அதனால் கடைசித் தேதியில் சமர்ப்பிப்பவருக்குத் திருத்த அவகாசமே இருக்காது.

பணம் வரும் வரை. கட்டணம் கட்டிய பிறகுதான் திரும்ப வரும், அதுவும் கல்வியாண்டின் கடைசியிலோ அதைத் தாண்டியோ. விண்ணப்ப எண்ணைக் காட்டித் தவணையில் கட்ட அனுமதி கேட்டு முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள். மறுத்தால் வங்கிக் கல்விக்கடன்: 4 லட்சம் வரை கைப்பணமும் சொத்து ஜாமீனும் கேட்கக் கூடாது. உதவித்தொகை வரும்போதெல்லாம் அதைக் கடன் கணக்கில் கட்டிவிட்டால் வட்டி குறையும்.